மூலைச் சுவரும் இரும்பு மாத்திரையும்

வெகுதானிய வருஷம், ஆனி 20

மிளகுக்கொடி கட்ட ஆள் வரச் சொல்லியிருந்தேன், வரவில்லை. பலா இன்னும் நாலு மரத்தில் இறக்காமல் கிடக்கிறது.

குதிருக்குப் பின்னால் உள்ள மூலைச் சுவரை யாரோ சுரண்டியிருக்கிறார்கள். முதலில் கோழி என்று நினைத்தேன். கோழி கொத்தினால் புள்ளி புள்ளியாக இருக்கும். எலி என்றால் அடியில் பொந்து வைக்கும். இது என் இடுப்பு உயரத்தில் இருக்கிறது, நகத்தால் வழித்த மாதிரி. செம்மண்ணும் சாணியும் குழைத்துப் போன அமாவாசைக்குத்தான் நானே பூசினேன்.

என் வீட்டு மண் யாருக்கு வேண்டும்? எதற்கு வேண்டும்?

எதற்கு என்று எனக்குத் தெரியாதா.

ஆனி 22

பொன்னாயி வந்தாள். என் வீட்டுக்காரரின் தம்பி பெண்டாட்டி. மலையில் எங்கள் குண்டூர் நாட்டில் இந்தப் பக்கத்துப் பிரசவம் எல்லாம் அவள் கையால்தான். என் மகள் ருக்குமணிக்கும் அவள்தான் பார்த்தாள். பிள்ளையும் தங்கவில்லை, ருக்குவும் தங்கவில்லை. அதற்கு முன்னால் மாசக்கணக்காக ருக்கு வெளுத்துக்கொண்டே வந்தாள். அந்த வருஷமும் எங்கள் சுவரில் மண் குறைந்தது. வீட்டு மண்ணை எடுத்துப் பொம்மை பிடித்து வைத்தால் அந்த வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகாது. இது ஊருக்கே தெரிந்த சங்கதி. அன்றிலிருந்து பொன்னாயி வீட்டில் நான் கை நனைத்ததில்லை. அவள் மட்டும் வெட்கமில்லாமல் வருவாள்.

இன்றைக்கு எங்கே உட்கார்ந்தாள்? நேராகப் போய் அந்த மூலையில் சாய்ந்தாள்.

“ஏனக்கா, மருமவ இப்பிடி வெளுத்துப் போயிட்டா? அஞ்சாம் மாசத்துலயே இந்தக் கோலமா?”

“அவ நெறமே அதுதான். அடிவாரத்துப் புள்ள.”

“நெறத்தச் சொல்லலக்கா. நாக்கப் பாரு, காயிதமாட்டம் இருக்குது.”

என் மருமகள் நாக்கு இவளுக்கு எதற்கு? எழுந்து போகும்போது முந்தானையைத் தட்டினாள். தட்டினாளா, மண்ணை அதில் முடிந்தாளா? சரியாகப் பார்க்காமல் விட்டேன்.

ஆனி 24

சுவரில் இன்னொரு கை அகலம் போய்விட்டது. பொன்னாயி இந்தப் பக்கமே வரவில்லை. ஆள் வைத்து எடுக்கிறாளோ?

ஆனி 29

ஊற்றுத் தண்ணீர் எடுத்து வரும்போது மருமகள் பாப்பாயி பாதி மேட்டில் உட்கார்ந்துவிட்டாள். குடம் உருண்டு போயிற்று. மூச்சு வாங்குகிறது. நெஞ்சு படபடக்கிறதாம், அது வெளியே தெரிகிறது.

அர்த்தனாரி வாழவந்திக்கு மருந்துச்சாலைக்குக் கூட்டிப் போகிறேன் என்கிறான். பெற்ற மகன் என்னிடம் கேட்கிறான்: “அவ என்னத்தத்தான் திங்கறா ஆத்தா?”

என்னத்தத் திங்கறாளா! இந்த நாட்டில் யார் வீட்டு மருமகள் மூன்று வேளையும் நெல்லுச்சோறு தின்கிறாள்? ஊரே சாமைச்சோறும் களியும் உருட்டும்போது, இவள் உண்டானதிலிருந்து சேந்தமங்கலம் சந்தையில் மில் அரிசி வாங்கி, சுமை ஆள் வைத்து மலை ஏற்றிப் போடுகிறேன். பூ மாதிரி வெள்ளைச் சோறு. கீரை குளிர்ச்சி என்று கண்ணில்கூடக் காட்டவில்லை. என் அப்பன் காட்டிலாகா வாட்சர். அடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் படித்தவள் நான். மருமகளுக்குச் சோறு போடத் தெரியாமலா இருக்கிறேன்?

போகட்டும். நான் கூடப் போகமாட்டேன்.

ஆடி 2

போய் வந்துவிட்டார்கள். டாக்டரம்மா இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாராம், நகத்தை அழுத்திப் பார்த்தாராம். ரத்தத்தில் இரும்புச் சத்து குறைச்சலாம்.

இரும்பா? என் மருமகள் என்ன கொடுவாளா?

ஒரு சீசா நிறையக் கறுத்த மாத்திரை. அதோடு ஒரு பாட்டம் உபதேசம். தீட்டின அரிசி வேண்டாமாம். கேழ்வரகுக் களி, முருங்கைக்கீரை, கொள்ளு, வெல்லம், ஆட்டு ஈரல். மாத்திரை விழுங்கும்போது ஒரு நெல்லிக்காயும் கடிக்கவேண்டுமாம். ஊரில் ஏழைபாழைகள் தின்பதை எல்லாம் என் வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சிக்குப் போடச் சொல்கிறார்கள். பொன்னாயி கேட்டால் சிரிக்கமாட்டாளா? அதற்கென்றே சொல்லிக்கொடுத்தார்களோ என்னவோ.

ஆட்டு ஈரலுக்கு நான் எங்கே போவேன்? எப்போதாவது கிடா வெட்டினால் உண்டு. அந்த ஈரலும் வீட்டில் மூத்தவர்களுக்குத்தான் போகும். அதுதான் முறை.

ஆடி 6

காட்டுப் பக்கம் ஒதுங்கிவிட்டு வந்த பாப்பாயி நடுங்கினாள். கேட்டால் அழுகிறாள். அப்புறம் காதோடு சொன்னாள்: “கறுப்பாப் போவுதுங்க அத்தை. கரியாட்டம்.” வயிறும் இழுத்துப் பிடிக்கிறதாம்.

உடம்புக்குள் எரிந்தால்தானே கரி வரும்! விஷம். அங்கே யார் கலந்தார்கள், இங்கே வந்தபின் கலந்ததா? சீசாவைப் பிடுங்கிக் குதிருக்குள் கேழ்வரகுக்கு அடியில் புதைத்துவிட்டேன்.

ஆடி 7

அர்த்தனாரி மருந்து எங்கே என்று குதித்தான். கறுப்பாகப் போகிறதடா, கொல்லப் பார்க்கிறாயா என்று நானும் குதித்தேன். சட்டென்று அடங்கிப் போனான்.

“அது அப்படித்தான் ஆத்தா.”

“அப்படித்தான்னா எப்பிடி?”

தரையைப் பார்க்கிறான். மூக்கைத் தேய்க்கிறான். எழுந்து மிளகுத் தோட்டத்துக்குப் போய்விட்டான். எதையோ மறைக்கிறான். என் வயிற்றில் பிறந்தவனே மறைத்தால் நான் யாரை நம்புவது?

ஆடி 8

பாப்பாயி இன்று குடம் எடுக்கவே இல்லை. படுத்தே கிடக்கிறாள். ருக்கு படுத்த அதே இடம். பாயை வேறு பக்கம் மாற்றிப் போட்டேன்.

ஆடி 9

யார் சொல்வதையும் நம்பி ஒன்றும் ஆகப்போவதில்லை. மருந்து கொடுத்தாலும் பயம், கொடுக்காவிட்டாலும் பயம். விஷம்தான் என்றால் வாழவேண்டியவள் வயிற்றில் ஏன் போகவேண்டும்? நான் எல்லாம் பார்த்தாயிற்று.

காலையில் கூழ் குடித்துவிட்டு நானே ஒரு மாத்திரையை எடுத்து விழுங்கினேன். கொடுவாளை நக்கின மாதிரி வாயில் ஒரு வாடை. நல்ல சேலையைக் கட்டிக்கொண்டேன். திருநீறு பூசிக்கொண்டேன். போகிற கோலமாவது பார்க்கும்படி இருக்கட்டும்.

“எங்கீங்க அத்தை கெளம்பிட்டீங்க?”

“எங்கியும் இல்ல. நீ படு.”

ஆடி 10

இருக்கிறேன். இன்றும் ஒன்று விழுங்கினேன்.

ஆடி 12

கறுப்பு. அதே கறுப்பு. வயிறு லேசாகப் பொருமியது, அவ்வளவுதான். களி தின்றேன், தூங்கினேன், பலா இறக்கினவனோடு சண்டை போட்டேன். செத்தவள் செய்கிற வேலையா இது?

மகனைப் பிடித்து நிறுத்தினேன். “நானும் முழுங்கினேன். எனக்கும் கறுப்பாத்தான் போவுது. இப்பச் சொல்லு, டாக்டரம்மா என்ன சொன்னாங்க?”

முகம் செத்துப்போயிற்று அவனுக்கு. “நீ ஏன் ஆத்தா முழுங்குனே!” என்று கத்தினான். அப்புறம் திக்கித் திக்கிச் சொன்னான். கறுப்பாகத்தான் போகும், பயப்படாதே என்று டாக்டரம்மா அப்போதே சொன்னாராம். பாப்பாயி அந்த நேரம் வெளியே உட்கார்ந்திருந்தாளாம்.

“ஏண்டா சொல்லல?”

“ஆத்தாகிட்டப் போயி அதையெல்லாம் எப்பிடிப் பேசறது? வெக்கமா இருந்துச்சு.”

குழந்தையில் இவனுக்குக் கழுவிவிட்டது யாராம்? சீசாவை எடுத்துப் பாப்பாயி தலைமாட்டில் வைத்தேன்.

மருந்து மேல் இருந்த சந்தேகம் போயிற்று. சுவர் மேல் இருக்கிற சந்தேகம் போகவில்லை. மூலை இன்னும் கரைந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆடி 13

ஊசிமிளகாயை ஒரு பிடி அரைத்துச் செம்மண்ணோடு குழைத்து மூலையைப் பூசினேன். என் விரலே இன்னும் எரிகிறது. எடுக்கிறவள் எடுக்கட்டும். நகக்கண்ணில் ஏறினால் ஊருக்கே கேட்கும்.

ஆடி 14

விரல் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

பொன்னாயி வந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். “புதுசாப் பூசியிருக்கியாக்கா? வழவழன்னு இருக்குது” என்று ஒரு தடவு தடவினாள். ஒரு பொட்டு மண் பெயரவில்லை. போய்விட்டாள். வீடு போய்ச் சேர்ந்ததும் கத்துவாள் என்று வாசலில் காது கொடுத்து நின்றேன்.

கத்தல் உள்ளேயிருந்து வந்தது.

ஓடிப் பார்த்தால் பாப்பாயி பானையோடு சாய்த்துத் தண்ணீர் குடிக்கிறாள். உதடு வீங்கியிருக்கிறது. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். மோவாயில் செம்மண்.

“அடிச்சுப்போடாதீங்க அத்தை.”

“எங்கூட்டு மண்ணத் திங்கற அளவுக்கு உன்னப் பட்டினியா போட்டேன்?” என்றேன். வாயில் அதுதான் வந்தது.

“இல்லீங்க அத்தை. வயிறு நெறஞ்சுதான் இருக்குது. அந்த மண்ணு மணக்குதுங்க. மழை விழுந்தாப்புல மணக்குது. வேண்டாம்னு நெனச்சாலும் கை தானாப் போவுது.”

வெல்லக்கட்டி கொடுத்து வாயில் அடக்கச் சொன்னேன். எரிச்சல் தீரும்வரை முதுகைத் தடவினேன்.

அப்போ ருக்கு?

அந்த வருஷம் குறைந்த மண்?

ஆடி 16

நானே கூடப் போனேன். பாப்பாயிக்கு டோலி, எனக்கு நடை. மண் தின்ற கதையைச் சொன்னால் டாக்டரம்மா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ரத்தம் குறைந்த பொம்பளைகளுக்கு மண்ணும் சாம்பலும் கேட்குமாம், பல பேரைப் பார்த்திருக்கிறாராம். மண்ணால் இன்னும் கெடுதிதான், மாத்திரையை விடாமல் கொடுங்கள் என்றார்.

“மண்ணெடுத்து வெளுக்கலியா? வெளுத்ததாலதான் மண்ணெடுத்தாளா?” என்று இரண்டு தரம் கேட்டேன். ஆமாம் என்றார்.

அதோடு விட்டாரா? என் இமையையும் இழுத்துப் பார்த்துவிட்டு, “பாட்டி, உங்களுக்கும் கம்மிதான்” என்றார்.

எனக்கா! இந்த மலையை ஏறி இறங்குகிற எனக்கா! ஒரு சீசா கொடுத்தார். வாங்கி வைத்திருக்கிறேன்.

ஆடி 18

ஆடிப்பெருக்கு. அருவிக்குப் போகிற கூட்டம் நேற்றிலிருந்தே நடக்கிறது. நாங்கள் போகவில்லை. வீட்டில் கிடா வெட்டினோம்.

ஈரலைச் சுட்டு வழக்கம்போல என் இலையில் வைத்தார்கள். எடுத்துப் பாப்பாயி இலையில் வைத்தேன். “முறை இல்லீங்களே அத்தை” என்றாள். “பேசாமத் தின்னு” என்றேன். அர்த்தனாரி தலையைக் குனிந்துகொண்டான். எதற்கெடுத்தாலும் வெட்கம் இவனுக்கு.

பொன்னாயி வீட்டுக்குப் பங்கு கொடுத்தனுப்பினேன். அவளே பாத்திரத்தைத் திருப்பிக் கொண்டுவந்தாள். “என்னக்கா திடீர்னு? விஷம் கிஷம் வெச்சிருக்கியா?” என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. உட்காரச் சொன்னேன்.

ஆவணி 5

மில் அரிசி மிச்சத்தைக் கோழிக்குப் போட்டாயிற்று. களி, முருங்கைக்கீரை, கொள்ளு ரசம். கீரை கசக்கிறது என்று முகம் சுளிக்கிறாள். நான் எதிரிலேயே உட்கார்ந்துகொள்கிறேன்.

ஆவணி 23

இன்றைக்கு மூலையில் லேசாக ஒரு கீறல். கேட்டேன். “மோந்து மட்டும் பாத்தனுங்க” என்றாள். நம்பவா? நாக்கை நீட்டச் சொன்னேன். மண் இல்லை. நாக்கில் கொஞ்சம் சிவப்பு வந்திருக்கிற மாதிரி இருந்தது. என் கண்ணுக்குத்தான் அப்படித் தெரிகிறதோ?

புரட்டாசி 16

குடம் எடுத்தாள். மேட்டில் உட்காரவில்லை. நானும் பின்னாலேயே ஏறினேன், நானும் உட்காரவில்லை. அதை டாக்டரம்மாவிடம் சொல்லப்போவதில்லை.

கார்த்திகை 9

விடிகாலையில் வலி கண்டது. மலையில் வேறு நாட்டிலிருந்து மருத்துவச்சி கூட்டி வரட்டுமா என்று அர்த்தனாரி கேட்டான். ருக்கு போன பிறகு பொன்னாயி கை என் வீட்டுப் பெண் மேல் படக்கூடாது என்று நான் சொல்லி வைத்திருந்தது அவனுக்குத் தெரியும்.

நானே போய் அவள் கதவைத் தட்டினேன்.

“என்னையா கூப்புடற?”

“உன்னையத்தான். வா.”

அசையாமல் நின்றாள். “ஏதாச்சும் ஆச்சுன்னா இதையும் எந்தலையிலதான் போடுவே.”

“போடமாட்டேன். வா பொன்னாயி.”

வெந்நீர் ஊற்றி அவள் கையைச் சோப்புப் போட்டு நானே கழுவிவிட்டேன். அந்தக் கையை இத்தனை வருஷம் கழித்து இன்றைக்குத்தான் தொட்டேன்.

உச்சிப்பொழுதுக்குப் பிள்ளை பிறந்தது. பெண். அப்புறம் ரத்தம் போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. ருக்குவுக்கும் இப்படித்தான். பொன்னாயி அடிவயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். ரெண்டு பேருக்கும் ஒரே நினைப்பு.

நின்றது. சாமி, நின்னுபோச்சு.

பாப்பாயி கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். இமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பு இருந்தது.

கார்த்திகை 11

பிள்ளைக்கு ருக்குமணி என்று பேர் வைக்கலாம் என்று பொன்னாயிதான் சொன்னாள். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை, அவள் சொல்லிவிட்டாள்.

கார்த்திகை 27

மூன்று நாளாக அடைமழை. கூரை ஒழுகி மூலைச் சுவர் நனைந்து, வீடெல்லாம் மண் வாசனை. பாப்பாயி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றாள். நான் களி கிண்டுகிற மாதிரி கிண்டிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தேன்.

சுவருக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனாள். மோந்தாள்.

“என்ன கண்ணு?”

“ஒண்ணுமில்லீங்க அத்தை. வெறும் மண்ணு வாசந்தானுங்க” என்று சொல்லிவிட்டு, ஒழுகுகிற இடத்துக்குச் சட்டி எடுக்கப் போய்விட்டாள்.

அவள் அந்தப் பக்கம் போனதும் நான் எழுந்து மூலையைத் தடவிப் பார்த்தேன். புதுக் கீறல் ஒன்றும் இல்லை. ஐப்பசியில் மறுபடி பூசினபோது பதிந்த என் விரல் தடம் அப்படியே இருக்கிறது.