தெளிவான படம் கேட்கிறார்கள்

நாள் 61, காலை 7.20

நிலவின் தென்முனை. சூரியன் எட்டிக்கூடப் பார்த்திராத பள்ளம். முகாமில் நான் ஒருத்திதான்: மெர்லின் ராயப்பன், மண் ஆய்வாளர். காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. மின்சாரத்தை மிச்சம்பிடிக்க மங்கலான சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது. வெளிக்கதவின் ரப்பர் விளிம்பில் பூஞ்சை மாதிரி ஏதோ பிடித்திருக்கிறது. நுண்ணோக்கி பழுது. இருப்பது சாதாரண டிஜிட்டல் கேமரா, கல்யாண வீட்டில் சித்தப்பாமார் வைத்துக்கொண்டு திரிவார்களே, அந்த ரகம். ஃபிளாஷ் போட்டு எடுத்து அனுப்பினேன்.

நாள் 61, மதியம் 1.05

மேலே சுற்றும் கலத்திலிருந்து சாகுல் அமீது பேசினான்: "அக்கா, பூமியில இருக்கிற குழு படம் தெளிவா இல்லன்னு சொல்லுதாங்க. தெளிவான படம் பாத்து அது என்னன்னு தெரியாம ஒங்களக் கூட்டிட்டு வர அனுமதி கிடையாதாம். இன்னும் கிட்டப் போய் எடுங்க."

கிட்டப் போனால் மங்குகிறது. பூப் படம் போட்ட பொத்தானை அழுத்தினால்தான் அருகில் இருப்பது துலங்கும், அதுவும் நாலு விரல் தள்ளி. கை ஆடாமல் இருக்கப் பருப்பு டப்பாக்களை அடுக்கி, கேமராவை மேலே வைத்தேன். ஃபிளாஷில் எல்லாம் வெளுத்துப்போனது. ஃபிளாஷின் மேல் டிஷ்யூ தாளை ஒட்டினேன். கதவைச் சுற்றிச் சுற்றி எடுத்ததுதான் மிச்சம். இவர்களுக்கென்ன, உட்கார்ந்த இடத்தில் கேட்பார்கள்.

நாள் 62, காலை 6.40

கதவின் நாலாபுறமும் பரவிவிட்டது. ரப்பரைத் தின்கிறது. காற்றழுத்தம் இறங்குகிறது. பயமாக இருக்கிறது. ஆனால் ஒரு படம் அருமையாக வந்தது: முடி முடியாக, ஒவ்வொரு நுனியிலும் ஒரு துளி ஈரம்.

"அனுமதி கொடுத்துட்டாங்கக்கா! எறங்கி வாரேன், உடுப்ப மாட்டிட்டு ரெடியா இருங்க!"

அழுதேவிட்டேன்.

நாள் 62, காலை 8.15

காத்திருக்கும் நேரத்தில் படங்களை வரிசையாகத் தள்ளிப் பார்த்தேன். மாதாவே! முதல் படத்தில் முடிகள் கலைந்து கிடக்கின்றன. அடுத்ததில் சாய்கின்றன. கடைசிப் படத்தில் எல்லா நுனியும் லென்ஸைப் பார்த்து நிற்கின்றன. படத்துக்குப் படம் நீளம். வெளிச்சமே காணாத மண்ணில் கிடந்தவை. ஃபிளாஷ் அடித்து அடித்து, தீனி போட்டு வளர்த்தது நான்தான்.

சாகுலைக் கூப்பிட்டேன்: "தம்பி, எறங்காத. வெளிச்சம் பட்டா வளருது. திரும்பிப் போ."

"பாதி எறங்கியாச்சுக்கா. வெளக்கில்லாம தரை எங்க இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒங்கள விட்டுட்டு நான் எங்க போவேன்? பேசாம இருங்க."

நாள் 62, காலை 9.02

உடுப்பின் கையுறையோடு எழுத முடியவில்லை, வாயால் சொல்லிப் பதிகிறேன். வந்துவிட்டான். கதவுக் கண்ணாடி முழுக்க அவன் தலைக்கவச விளக்கு. ரப்பரைத் துளைத்துக்கொண்டு முடிகள் மொத்தமாக அந்தப் பக்கம் பாய்கின்றன.

"அக்கா, கதவு தெறக்கல. என்னமோ கையுறைல சுத்துது… இழுக்குது, அக்கா!"

"லைட்ட அணைடா!"

"ரெண்டு கையும் மாட்டிக்கிட்டு! விட மாட்டேங்குது!"

நாள் 62, காலை 9.04

டிஷ்யூ தாளைப் பிய்த்தெறிந்தேன். கேமராவைக் கதவோடு ஒட்டி வைத்து ஃபிளாஷ் அடிக்கிறேன். நுனிகள் தயங்குகின்றன. இன்னொரு ஃபிளாஷ். சில திரும்புகின்றன. விரல் வழுக்குகிறது. இதைக் கேட்பவர்களே, இந்தப் பள்ளத்துக்கு விளக்கோடு வராதீர்கள்.

நாள் 62, காலை 9.05

"கை வந்துட்டுக்கா! நீங்க?"

ஓடுடா. போய்த் தொலை. எல்லாம் என் பக்கம் திரும்பிவிட்டன. கையுறையைத் துளைக்கின்றன. வலிக்கிறது. நிறுத்தினால் மறுபடி அவன் வெளிச்சத்துக்குப் போய்விடும். அவன் இன்னும் கலத்தில் ஏறவில்லை, அங்கேயே நின்று திரும்பித் திரும்பிப் பார்க்கிறான். ஏறு சாகுல். பேட்டரி அடையாளம் சிவப்பாகிவிட்டது. மாதாவே, இன்னும் ஒரே ஒரு