நாற்பதில் துரத்திய ரயில்

மார்ச் 3, திங்கள்

பதினேழு வாய்களை எக்ஸ்ரே எடுத்து முடித்து, பதினெட்டாவது ஆள் நாற்காலியில் உட்காரும்போது புகைப்படக் குழுவிலிருந்து செய்தி. மலைப்பாதை நீராவி ரயில் இந்தச் சனிக்கிழமையோடு நிற்கிறதாம்! கொதிகலனைப் பிரிக்கப் போகிறார்கள். மறுபடி ஓட ஐந்து வருடம் ஆகுமாம். அன்று எடுக்கும் படங்களில் ஒன்றே ஒன்றை நூலகச் சுவரில் மாட்டுவார்கள்.

மூன்று வருடமாக அந்தச் சுவருக்குப் படம் அனுப்புகிறேன். ஒன்றுகூட ஏறவில்லை. நான் எடுக்கும் படங்களை உற்றுப் பார்ப்பவர் எங்கள் பல் டாக்டர் ஒருவர்தான். முன்பின் தெரியாத நாலு பேர் என் படத்தின் முன்னால் நின்று பார்த்துவிட்டுப் போக வேண்டும். பேராசையா? இருந்துவிட்டுப் போகட்டும்.

மார்ச் 5, புதன்

ரயிலைத் துரத்தக் கார் வேண்டும். எனக்கு ஸ்கூட்டர்தான் வரும். வீட்டுக்காரருக்குச் சனிக்கிழமை வேலை. "எங்க அக்காவைக் கேளேன்" என்கிறார்.

நாத்தனார்! கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவர். வேக முள் நாற்பதைத் தாண்டினால் பாவம் என்று நம்புகிறவர். மாணவர்கள் வைத்த பெயர் 'நாப்பது மேடம்'. ரயிலைத் துரத்த இவரா?

மார்ச் 6, வியாழன்

கேட்டேன். வருகிறாராம். "பெல்ட் போடணும். பக்கத்துல உக்காந்து கத்தக் கூடாது."

மார்ச் 8, சனி. மதியம், மேல் ஸ்டேஷன்

ஐயோ, அந்தச் சத்தம்! கீழே புறப்படும்போது நெஞ்சுக்குள்ளேயே கேட்டது. கருப்பு முகம், பித்தளை விளிம்பு, மரங்களுக்கு மேல் வெள்ளை வெள்ளையாகப் புகை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் உருப்படியாக ஒரு படம் இல்லை. மேட்டில் மூச்சு வாங்கி ஏறுகிற ரயிலைக்கூட எங்களால் முந்த முடியவில்லை.

"அண்ணி, கொஞ்சம் மிதிங்களேன்!"

"வளைவுன்னு போர்டு இருக்கு பாரு."

"ரயில் போயிடும் அண்ணி!"

"போகட்டும். நாம போய்ச் சேரணுமில்ல?"

பாதி வழியில் உள்ள பாலத்துக்கு நாங்கள் வந்தபோது கடைசிப் பெட்டிதான் மிச்சம். நான் கவலைப்படவில்லை. காலையில் பாலம் மலை நிழலில் கிடக்கும். சாயங்காலம் திரும்பி வரும்போது வெயில் நேரே என்ஜின் முகத்தில் விழும். அந்தப் படத்துக்காகத்தானே வந்ததே!

மேலே வந்து, என்ஜினைக் கழற்றிப் பக்கத்துத் தண்டவாளம் வழியாக மறுமுனையில் மாட்டுவதைப் பார்த்தேன். கொடி பிடித்திருந்தவரிடம், "எப்போ திருப்புவீங்க?" என்றேன்.

"திருப்புறதா? அதுக்கு என்ஜினைச் சுத்தித் திருப்புற வட்டமேடை வேணும்மா. இங்க ஏது? பின்பக்கமாவே இறங்கிடும்."

அப்படியானால் முதலில் வரப்போவது என்ஜின் முதுகிலிருக்கும் கரிப்பெட்டி. என்ஜின் முகம் ரயில் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு வரும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. வெயிலைக் கணக்குப் போட்ட மடச்சிக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லையே — பிளாட்பாரத்திலேயே அழுதுவிட்டேன். நாத்தனார் கைக்குட்டையை நீட்டினார்.

அப்போது என்ஜின் டிரைவர் கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார். "மேடம், நீங்களா?" நாத்தனாரிடம் கார் பழகியவராம். டெஸ்டில் இரண்டு தடவை ஃபெயில்.

"எதுல?" என்றேன்.

"ரிவர்ஸ்ல" என்றார், மெதுவாக.

மூக்கு ஒழுக ஒழுகச் சிரித்தேன். யானைக்கும் அடி சறுக்கும்தான்!

நாத்தனார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இப்போ கீழ வரைக்கும் ரிவர்ஸ்தானே? பாலத்துக்கிட்ட நிக்கிறேன். நீ எப்படி வர்றேன்னு பார்க்கிறேன்."

அதே நாள், மாலை, காரில்

கார் குலுக்கலில் எழுத்தெல்லாம் கோணல்.

ரயில் கிளம்பும் முன்பே புறப்பட்டுப் பாலத்துக்கு இறங்கிவிட்டோம். வேலிக்கு இந்தப் பக்கம், புல்மேட்டில் நாத்தனார் போய் நின்றார். பாலத்தின் மேல் கரிப்பெட்டி முன்னால், என்ஜின் பின்பக்கமாக வந்தது. இவர் மைதானத்தில் பயிற்சி கொடுப்பதுபோல் இரண்டு கையையும் தூக்கி, "வா... வா... அப்படியே நேரா வா... ஒடிக்காத!" என்று கத்தினார். டிரைவர் பாதி உடம்பை வெளியே நீட்டி, வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டே ஊதலை இழுத்தார். நீராவி முழுக்கச் சிவந்த வெயில்.

அழுத்திக்கொண்டே இருந்தேன். என்ஜின் முகம் இல்லை. இல்லாவிட்டால் போகட்டும்! வாழ்க்கையில் நான் எடுத்த படம் என்றால் இதுதான்.

வீட்டுக்கு வரும் வழியில் முள் நாற்பத்திரண்டைத் தொட்டது. பார்த்தேன். பெல்ட்டை இழுத்துச் சரிபண்ணிக்கொண்டேன்.

மார்ச் 29, சனி

சுவருக்கு வேறு படம்.

குழுத் தலைவர் சொல்கிறார்: "படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா என்ஜின் முகமே இல்ல. குறுக்க ஒரு அம்மா வேற நிக்கிறாங்க."

குறுக்கயா! அவங்கதான்யா படமே. கண்ணை எங்க வெச்சிருக்கார் அந்த மனுஷன்? வலிக்கிறது.

நாத்தனாரிடம் சொன்னேன். "சரி, அந்தப் படத்தைப் பெருசா எனக்கு அனுப்பு" என்றார். அனுப்பினேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

காலையில் வேலைக்குப் போகும்போது பெரிய சிக்னலில் சிவப்பு. தலையை நிமிர்த்தினால், நாத்தனார் பள்ளியின் புதுப் பலகை. பன்னிரண்டு அடி அகலம்! பாலம், நீராவி, சிரிக்கிற டிரைவர், கையைத் தூக்கி நிற்கிற நாத்தனார். 'ரயிலுக்கே ரிவர்ஸ் சொல்லித் தந்த பள்ளி' என்று எழுதியிருந்தது. கீழ் மூலையில், நல்ல தடித்த எழுத்தில்: 'படம் எடுத்தது என் தம்பி மனைவி.'

பக்கத்து பைக்காரர் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு அண்ணாந்து பார்த்தார். பஸ் ஜன்னலில் மூன்று தலைகள். பச்சை விழுந்தது. பைக்காரர் நகரவில்லை. நானும் நகரவில்லை. பின்னால் ஊரே ஹாரன் அடித்தது.