வாய் திறக்காத துப்பாக்கிக்காரன்

உன் தம்பி இன்று காலை ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். "அக்காளோடதுங்க. ஊட்டுக்கு வெள்ளையடிக்கறோம், பாப்பா படிக்குமுன்னு எடுத்துட்டு வந்தேனுங்க" என்றான். திறந்ததும் பழுப்பேறிய காமிக்ஸ் தாளின் நெடி முகத்தில் அடித்தது. கூடவே உன் அப்பா பட்டறையின் கிரீஸ் வாசம். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தானோ என்னவோ, சங்கடமாகத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு வந்தது கோபம். நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. ஒரு துளிகூட ஆறவில்லை.

நாம் வளர்ந்த கணபதியில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். ஞாயிறு மதியம் உங்கள் வீட்டு டிவியில் ஏதோ ஓர் இங்கிலீஷ் சேனலில் பழைய கறுப்பு வெள்ளை கௌபாய் தொடர் ஓடும். ஒரு வார்த்தை புரியாது. நாமே வசனம் போட்டுக்கொள்வோம். அந்த ஊருக்குப் போலீஸாக ஒரு ஷெரீப், அவருக்கு ஒரு டாக்டர், ஒரு மளிகைக்கடைக்காரர். எந்தப் பிரச்சினை என்றாலும் எல்லாரையும் கூட்டிவைத்துப் பேசுவார். அவரை நான் எடுத்துக்கொண்டேன். நீ எடுத்துக்கொண்டது காமிக்ஸ் புத்தகத்தில் வந்தவனை. அவனுக்கு ஊர் கிடையாது, துணை கிடையாது. தோளில் பாய்ந்த குண்டைத் தன் கத்தியாலேயே தோண்டி எடுத்துப் போட்டுவிட்டுக் குதிரை ஏறுகிறவன். என்னுடையவர் டிவிக்காரர், உன்னுடையவன் புஸ்தகக்காரன். இரண்டு பேரையும் ஒரே ஊரில் இறக்கிவிட்டு, நாற்பது பக்க நோட்டில் நான் ஒரு பக்கம் நீ ஒரு பக்கம் என்று எழுதினோம்.

முதல் கதையிலேயே இருவரும் நடுத்தெருவில் துப்பாக்கியோடு எதிரெதிராக நின்றார்கள். "ஏனுங்க, நீங்க மொதல்ல சுடுங்க" என்று என்னுடையவர். "அட, பெரியவங்க நீங்க இருக்கையில நான் சுடறதுங்களா?" என்று உன்னுடையவன். மூன்று பக்கம் அப்படியே ஓடியது. கடைசியில் யாரும் சுடாமல் காபி குடிக்கப் போனார்கள். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டு சிரித்தாய்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் நீ இறங்கியே வரமாட்டாய். புஸ்தகக்காரனுக்கு அடிபட்டால் என் டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்பேன். நோட்டைப் பிடுங்கிக்கொள்வாய். "சொல்லிப்போட்டா அவன் அப்பறம் என்ன ஹீரோ புள்ள?" என்பாய். கல்லூரிக்குப் போன பிறகும் அதையேதான் சொன்னாய். கல்யாணமாகி நான் சூலூர் வந்த பிறகு வாட்ஸப்பில் அந்தக் கதைகளை வேடிக்கையாகத் தொடர்ந்தபோதும் அதேதான்.

உன் தம்பி கல்யாணத்துக்கு முந்தின நாள், பெருந்துறை மண்டபத்தில், அலங்கார அறைக்குள் என்னை மட்டும் இழுத்துக் கதவைச் சாத்தினாயே. நான்கு நாளாகக் காய்ச்சல் என்றாய். காலையில்தான் விட்டது என்றாய். வயிறு மட்டும் பிசைகிறது, இரண்டு தடவை வாந்தி. கையைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. "அம்மாகிட்ட சொல்லலாம் வா" என்றேன்.

"கொன்னுபோடுவேன் உன்னை. சொன்னா என்னைய ஆஸ்பத்திரில படுக்க வெச்சுட்டு, இணைச்சீருக்குப் பெரியப்பா பொண்ணை நிறுத்திப்போடுவாங்க. எனக்கு இருக்கறது ஒரே தம்பி புள்ள."

மாப்பிள்ளையோடு உடன்பிறந்தவள் நின்று செய்யும் சீர் அது. அதற்காக எட்டு மாதம் முன்பே சேலை எடுத்துவைத்திருந்தாய். எனக்குத் தெரியாதா? அதனால்தான் வாயை மூடிக்கொண்டேன். அது மட்டுமில்லை. "நாம ரெண்டு பேரும் யாரு? காட்டிக் குடுப்பியா?" என்று கண்ணடித்தாய். இருபத்தெட்டு வயதில், கையில் ஒரு வயதுக் குழந்தையோடு நின்ற நான், அந்தக் கண்ணடிப்புக்கு மயங்கிச் சிரித்தேன்.

சீர் நன்றாகத்தான் நடந்தது. போட்டோவில் நீ எத்தனை அழகு. அன்று சாயங்காலம் பந்திக்கு நடுவே சரிந்தாய். அடுத்த நாள் மதியம் எல்லாம் முடிந்தது. டெங்கு. காய்ச்சல் விட்ட பிறகுதான் ரொம்ப ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும், முன்னாடியே யாருக்கும் தெரியாதா என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். உன் அம்மா, "தெரியலீங்களே, எங்க யாருக்குமே தெரியலீங்களே" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு கதறினார். பக்கத்தில்தான் நின்றேன். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

இதை இன்றுவரை உன் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. இப்படி ஒரு சுமையை என் தலையில் ஏற்றிவிட்டுப் போக உனக்கு எப்படி மனசு வந்தது? ஒரு சீர். ஒரு சேலை. ஒரு போட்டோ. உன் தம்பி கல்யாண ஆல்பத்தைத் திறப்பதே இல்லை, தெரியுமா? நீ நிற்காமல் பெரியப்பா பெண் நின்றிருந்தால் அவன் வருஷா வருஷம் அதை எடுத்துப் பார்த்துச் சிரித்திருப்பான்.

போன செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து மிஸ் போன் செய்தார். "பாப்பாவுக்கு உடம்பு கொதிக்குதுங்க. காலைல இருந்தே இருந்திருக்கும்போல. கேட்டா ஒண்ணுமில்லீங்கறா." ஓடிப்போய்த் தூக்கிவந்தேன். ஏன் கண்ணு அம்மாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கண் சொருகிக் கிடந்தவள் சொல்கிறாள், "புஸ்தகக்காரன் சொல்லமாட்டான்லம்மா."

அவளுக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் நம் கதைகளைச் சொன்னது நான்தான். கத்தியால் குண்டை எடுக்கிற இடத்தில் வாயைத் திறப்பாள் என்பதற்காக அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். உன் மேல் வருவதில் பாதி என் மேல் வருகிற கோபம். நான்கு வயதுக் குழந்தைக்கு வலியை விழுங்கக் கற்றுக்கொடுத்த தாய் நான்.

இரத்தம் பார்த்தாகிவிட்டது, டெங்கு இல்லை என்கிறார்கள். இன்று காய்ச்சலும் விட்டுவிட்டது. இருந்தாலும் மணிக்கு ஒரு தடவை அவள் கையைத் தொட்டுப் பார்க்கிறேன். "வயிறு வலிக்குதா, வலிக்குதா" என்று கேட்டு அவளுக்கே அலுத்துப்போயிற்று.

சாயங்காலம் கஞ்சி கொடுத்தபோது கதை கேட்டாள். சொன்னேன். புஸ்தகக்காரன் தோளில் குண்டோடு ஊருக்குள் வருகிறான், யாரிடமும் சொல்லாதீர்கள் என்று டிவிக்காரரிடம் சத்தியம் கேட்கிறான். அவர் சரி என்கிறார். வெளியே வந்ததும் நடுத்தெருவில் நின்று ஊரே கேட்கும்படி கத்துகிறார், "டாக்டரைக் கூப்பிடுங்க, இவன் செத்துப்போயிருவான்!"

"சத்தியம் பண்ணிட்டு ஏமாத்திட்டாரும்மா" என்றாள். முகமே சுருங்கிவிட்டது.

"ஆமா கண்ணு, ஏமாத்திட்டாரு."

"புஸ்தகக்காரனுக்குக் கோவம் வந்துச்சா?"

"வந்துச்சு. அவரோட பேசறதையே உட்டுட்டான்."

"எத்தன நாளு?"

கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

இப்போதெல்லாம் என்னிடம் யாரும் ரகசியம் சொல்வதில்லை. சொன்னால் நான் போய்ச் சொல்லிவிடுவேன் என்று எல்லாருக்கும் தெரியும். நாத்தனாரின் தலைசுற்றலை அவள் மாமியாரிடம் சொன்னேன், அந்த மாமியாரின் நெஞ்செரிச்சலை அவள் மாமனாரிடம் சொன்னேன். "ஒரு தும்மல் தும்ம முடியல இவகிட்ட" என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் கேலி பேசுகிறார். பேசட்டும்.

உன்னையும் அன்றைக்கே காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். மண்டபத்து மைக்கைப் பிடுங்கிக் கத்தியிருக்க வேண்டும். ஆயுசுக்கும் என் முகத்தில் விழிக்காமல், தெருவில் எதிரே வந்தால் காறித் துப்பிவிட்டு, கணபதியில் எங்கேயோ நீ நன்றாக இருந்திருப்பாய்.