ரமோனின் முழங்கை

இன்று காலை மைதானத்துச் சாமான் அறையைத் திறந்ததும் வேப்பெண்ணெய் மணம் முகத்தில் அடித்தது. நீ எண்ணெய் தடவிப் பதப்படுத்திய பழைய தோல் கையுறைகள் இன்னும் அதே தட்டில்தான் கிடக்கின்றன. நான் மூக்கைப் பொத்தினால், "தோல் இளகினாத்தானடா பந்து நிக்கும்" என்பாய். நீ போய் இரண்டு மாதமாகிறது. இன்னும் எனக்குக் கோபம் ஆறவில்லை. உன்மேல் கொஞ்சம், என்மேல் நிறைய.

இத்தாலியில் இந்த பேஸ்போல் அணிக்கு நாம் இருவரும் மைதானம் பார்க்கிற ஆட்கள். செம்மண்ணைக் கிளறித் தண்ணீர் தெளிப்போம், வெள்ளைக்கோடு போடுவோம். நீ கால்சாவிலிருந்து பஸ்ஸில் வருவாய், நான் பகேரியாவிலிருந்து ரயிலில். மன்னாரில் பதினைந்து வருடம் விக்கெட்டுக்குப் பின்னால் குந்தியிருந்தவன் நீ. எறிகிறவனின் கையைப் பார்ப்பது உனக்கு மூச்சுவிடுவது மாதிரி.

இந்த சீசன் தொடங்கியதிலிருந்தே தோல்விதான். அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கினால் மைதானத்துக்கு ஆள் வைக்க மாட்டோம் என்று நிர்வாகம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டது. அணியின் முக்கியமான பந்தெறிபவன் ரமோன், சம்பளத்துக்குக் கடல் தாண்டி வந்தவன். அவன் எறிந்ததெல்லாம் அடி வாங்கியது.

மே மாதத்தில் ஐந்தாவது தோல்வி நடந்துகொண்டிருந்தது. நீ வாசற்கதவுக்குப் பக்கத்தில் மண்வாரியில் சாய்ந்து நின்று, "மச்சான், இப்ப மெதுப்பந்து வருது பார்" என்றாய். வந்தது. "இது வேகம்." அதுவும் சரி. பத்துப் பந்து சொன்னாய், ஒன்றுகூடத் தவறவில்லை.

"அவன்ர முழங்கையைப் பார். மெதுவா எறியேக்க வெளியால தள்ளுது. எனக்குத் தெரியுதெண்டா அடிக்கிறவங்களுக்குத் தெரியாதே? எனக்கு இத்தாலி பாஷை தடக்குது. நீ போய்ப் பயிற்சியாளரிட்டச் சொல்லு."

ஆட்டம் முடிந்ததும் போனேன். அவர் தண்ணீர்ப் போத்தல்களைக் காலால் உதைத்துக்கொண்டிருந்தார். என்னுடைய பெர்மெஸ்ஸோ, இங்கே தங்கியிருக்கிற அனுமதி, புதுப்பிப்பதற்காகக் குவெஸ்தூரா பொலிஸ் அலுவலகத்தில் கிடந்தது. இந்த வேலையும் போனால் அதுவும் போய்விடும் என்ற பயம். கோடு போடுகிறவன் பந்தெறிபவனில் பிழை பிடிப்பதா என்று அவர் கேட்டுவிட்டால்? "ரமோன் கொஞ்சம் களைத்திருக்கிறான் போல" என்று மட்டும் சொன்னேன். "எல்லாரும்தான் களைத்திருக்கிறோம்" என்றுவிட்டு அவர் திரும்பிக்கொண்டார்.

நீ வாசலில் காத்திருந்தாய்.

"சொன்னனியோ?"

"ஓம்."

"முழங்கையைச் சொன்னனியோ?"

"ஓமடா, எல்லாம் சொன்னனான். பாப்பம் எண்டவர்."

நம்பிவிட்டாய். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆட்டத்திலும் அந்த முழங்கை வெளியே தள்ளும்போதெல்லாம், "சொல்லியும் கேக்கிறாங்களில்லை, என்ன மனிசரடா இவங்கள்" என்று புறுபுறுத்தாய். என் பொய்க்கு அவரைத் திட்டினாய். பக்கத்தில் நின்று நானும் தலையாட்டினேன். தடக்குகிற இத்தாலியோடு, கையைக் காலைக் காட்டியாவது நீயே ரமோனிடம் போயிருக்கலாம். என்னை அவ்வளவு நம்பியிருக்க வேண்டாம். உன்மேல் எனக்குள்ள கோபம் இதுதான்.

ஜூனில் ஒரு காலை, வேலைக்கு வர உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தபோதே உன் இதயம் நின்றுவிட்டது. அணியிலிருந்து ரமோன் ஒருவன்தான் உன் இறுதிப் பூசைக்குத் தேவாலயத்துக்கு வந்தான். கடைசி வாங்கில் நின்றான். அவனை நிமிர்ந்து பார்க்க என்னால் முடியவில்லை. அடுத்த வாரம் பெர்மெஸ்ஸோ கைக்கு வந்தது. என் வேலை ஒப்பந்தத்தில் அந்தப் பயிற்சியாளருக்கு ஒரு அதிகாரமும் கிடையாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. எதற்குப் பயந்தேனோ அது அங்கே இருக்கவே இல்லை.

ஒன்பதாவது தோல்வியன்று, எல்லாருக்கும் முன்னால் பயிற்சியாளர் ரமோனிடம் கத்தினார்: இன்னும் ஒரு ஆட்டம், அதிலும் அடிவாங்கினால் ஊருக்கு டிக்கெட். தண்ணீர்க்குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்த நான் அதைக் கீழே போட்டுவிட்டுப் போய் முழங்கையைப் பற்றிச் சொன்னேன். "நீ மண்ணுக்குத் தண்ணீர் விடு" என்றார்.

அன்றைய ஆட்டத்தை யாரோ போனில் எடுத்திருந்தார்கள். அதை வாங்கி ரமோனிடம் கொண்டுபோய் ஒரு மெதுப்பந்து, ஒரு வேகப்பந்து என்று இரண்டைக் காட்டினேன். நாலு தரம் பார்த்தான். பிறகு தன் நெற்றியில் தானே அறைந்துகொண்டான். மூன்று நாள் உடுப்பு மாற்றும் அறைக் கண்ணாடிக்கு முன்னால் எறிந்து பழகினான். அடுத்த ஆட்டத்தில் எதிரணி காற்றைத்தான் அடித்தது. அன்று தொடங்கி ஆறு ஆட்டத்தில் நாலு வெற்றி. பட்டியலில் இன்னும் கீழே இருந்து இரண்டாவதுதான், ஆனால் மூச்சு வந்திருக்கிறது. பிழையைத் தானே கண்டுபிடித்ததாகப் பயிற்சியாளர் பேப்பர்க்காரரிடம் சொல்லியிருக்கிறார். ரயில் நிலையத்தில் அதை வாசித்ததும் கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனேன்.

அதைவிட மோசம், ரமோன் கேட்டது. "நீ எப்போது கவனித்தாய்?"

"நானில்லை. இறந்துபோனானே, அவன். மே மாதத்தில்."

"அப்போதே ஏன் சொல்லவில்லை?"

பயந்துவிட்டேன் என்றேன். அவன் கத்தவில்லை. கையுறையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இரண்டு வாரம் என் பக்கம் திரும்பவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போன ஞாயிறு ஆட்டத்துக்கு முன்னால் அவனாகவே வந்தான். "இங்கே நின்று பார். என்ன தெரிந்தாலும் வந்து சொல்."

உன்னுடைய கண் எனக்கு இல்லை. மூன்றாவது இன்னிங்ஸில், எறிந்து முடித்ததும் அவன் வலது கால் இழுபடுவதுபோல் இருந்தது. அதில் ஏதும் இருக்கிறதோ இல்லையோ, எனக்குத் தெரியாது. என்றாலும் ஆட்டம் மாறுகிற இடைவெளியில் வீரர்களின் வாங்குக்குப் போய், எந்தக் கால், எந்தெந்தப் பந்து என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். பயிற்சியாளர் முறைத்தார். ஆனாலும் ஒரு சொல்லையும் நான் விழுங்கவில்லை.