மறுபடியும் அதே குதிரை

மச்சான்,

இன்று காலை கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று எதிர்ச் சுவரில் ஒரு வெளிச்சம் வட்டமாக விழுந்து, அங்குமிங்கும் ஆடி, நேராக என் கண்ணில் வந்து அடித்தது. தூக்கிவாரிப்போட்டது எனக்கு. காப்பி பாதி கைலியில் கொட்டியதுதான் மிச்சம். எழுந்து போய்ப் பார்த்தால், உன் அக்கா பின்வாசலில் மல்லாட்டைக் கடலை காயவைத்திருக்கிறாள். காக்கா வந்து வாய் வைக்காமலிருக்கத் துணிக்கொடியில் நூல் கட்டி ஒரு டிஸ்க்கைத் தொங்கவிட்டிருக்கிறாள். காற்றுக்கு அது சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு பக்கம் வெள்ளி, மறுபக்கம் ஒரு பழுப்புக் குதிரை. அதன் பிடரியைச் சீவிவிடும் ஒரு வெள்ளைக்காரப் பெண்.

உன் குதிரை கேம்!

"இத்த எங்கேர்ந்து எடுத்த?" என்றேன்.

"பீரோ மேல இருந்துச்சு. சும்மாதான கெடக்குது, ஒரு வேலையாவது செய்யட்டும்" என்றாள். முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதனால்தான் உட்கார்ந்து உனக்கு இதை எழுதுகிறேன்.

உனக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது இரண்டாயிரத்துப் பத்து வாக்கில். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ், ரீசார்ஜ் என்று கடை போட்டு உட்கார்ந்திருந்தாய். கோட்டக்குப்பத்து சிநேகிதன் ஒருவன் துபாயிலிருந்து வரும்போது கொண்டுவந்த பழைய வீடியோ கேம் பெட்டியை உன் தலையில் கட்டினான். பெட்டி மலிவு, ஆனால் அதற்கான டிஸ்க் ஒவ்வொன்றும் யானை விலை. அப்போதுதான் எங்கேயோ இன்டர்நெட்டில் அந்தக் கம்பெனியைக் கண்டுபிடித்தாய். மாதாமாதம் ஒரு தொகை கட்டினால் போதும், நாம் கேட்கிற கேமை பம்பாயிலிருந்து கூரியரில் அனுப்புவார்கள். ஆடித் தீர்த்ததும் திருப்பி அனுப்பினால் அடுத்தது வரும். திண்டிவனம் பின்கோடை அந்த சைட் ஏற்கவில்லை, விழுப்புரத்தை ஏற்றுக்கொண்டது. அதனால் எங்கள் வீட்டு விலாசத்தைக் கொடுத்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல மறந்துவிட்டாய்.

முதல் கவர் வந்த அன்று நான் கோர்ட் நோட்டீஸ் என்றே பயந்தேன். என் வீட்டு விலாசம், உன் பெயர், பம்பாய் முத்திரை! நீ என்ன வம்பில் மாட்டிக்கொண்டாயோ என்று கவரைப் பிரிக்காமலே வைத்திருந்தேன். சனிக்கிழமை நீ வந்து சிரித்துக்கொண்டே கவரைக் கிழித்தாய். உள்ளே ஒரு நீலத் துணி உறை, அதன்மேல் கறுப்புக் கோடு போட்ட ஒரு ஸ்டிக்கர், உறைக்குள்ளே டிஸ்க்.

"ஆடி முடிச்சிட்டு இதே உறையில போட்டுத் திருப்பிக் குடுத்துடணும் மாமா. அவ்ளோதான்."

"முன்னப்பின்ன தெரியாதவனுக்கு இவ்வளவு விலை உள்ள சாமானை நம்பி அனுப்பறானா?"

"நம்பித்தான் அனுப்பறான்."

எனக்கு அது தாங்கமுடியாத ஆச்சரியம். நான் வேலை பார்க்கும் மருந்து மொத்தக்கடையில் முதலாளி ஒரு பேனாவைக்கூட நூல் கட்டித்தான் வைத்திருப்பார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை என்றாலே நீ எங்கள் வீட்டில்தான். பெட்டியையும் எங்கள் டிவிக்கே கொண்டுவந்து வைத்துவிட்டாய். கார் ரேஸ், கால்பந்து, துப்பாக்கிச் சண்டை எல்லாம் ஆடினோம். எல்லாவற்றிலும் உன்னிடம் தோற்றேன். "பொண்ணு பாக்கலாம் வாடான்னா பொம்மை பாத்துக்கினு இருக்கான்" என்று உன் அக்கா திட்டிக்கொண்டே நம் இருவருக்கும் பஜ்ஜி போடுவாள்.

ஒரு தடவை கவரைப் பிரித்தால் இந்தக் குதிரை. சைட்டில் பார்த்த அட்டைப்படத்தில் குதிரை இருந்தது, ராஜா காலத்துச் சண்டை கேம் என்று நினைத்துக் கேட்டுவிட்டாய். போட்டுப் பார்த்தால் குழந்தைகள் விளையாட்டு! குதிரையைக் குளிப்பாட்ட வேண்டும், கேரட் கொடுக்க வேண்டும், பிடரியைச் சீவிவிட வேண்டும். நாம் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். உன் அக்கா மட்டும் உன் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கி, "பாவம், சிக்கு பாரு எவ்வளவு" என்று பொறுமையாகச் சீவிவிட்டாள். அவள் தொட்ட ஒரே கேம் அதுதான்.

அந்த வாரம் உங்கள் அப்பாவின் நினைவு நாள் வந்தது. எங்கள் கல்யாணம் முடிந்து ஒரு வருஷம் நிறைவதற்குள் போய்ச்சேர்ந்த மனிதர். போட்டோவில் விறைப்பாக நிற்பார், ஆனால் அவர் நடப்பதும் பேசுவதும் இருந்தது எங்கள் கல்யாண டிவிடியில் மட்டும்தான். அதிலும் உன் அக்கா பார்ப்பது ஒரே ஓர் இடத்தை. மாதா கோயிலுக்குக் கிளம்பும் முன் வாசலில் நின்று அவள் நெற்றியில் அவர் சிலுவை வரைகிற இடம். "நல்லாயிரு தாயி" என்பார். அவர் அதைச் சொல்கிற நேரம் பார்த்து, கையில் வடையோடு உன் தலை குறுக்கே வந்து அவரை மறைக்கும். "போதும்ப்பா, ஜல்தி! சாமியாரு காத்துக்கினு இருக்காரு!" என்று கத்துவாய். நீ நகர்ந்த பிறகு பார்த்தால் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

"தலைய எடுடா எரும!" என்று உன் அக்கா ஒவ்வொரு முறையும் டிவியைப் பார்த்துத் திட்டுவாள். பக்கத்திலேயே உட்கார்ந்து நீ கெக்கெக்கே என்று சிரிப்பாய்.

டிவிடி பிளேயர் கெட்டுப்போயிருந்ததால் அந்த வருஷம் உன் கேம் பெட்டியில் போட்டுப் பார்த்தோம். பார்த்து முடித்தும் டிவிடியை வெளியே எடுக்கவில்லை, அப்பா அதற்குள்ளேயே இருந்தார். மறுநாள் காலை கூரியர்க்காரர் வாசலில் வண்டியை நிறுத்தாமலே, "ஜல்தி சார், வளவனூரு வரைக்கும் போவணும்" என்று குரல் கொடுத்தார். அவரிடம் பேசிக்கொண்டே நீ பொத்தானை அமுக்கினாய். வெளியே வந்த டிஸ்க்கை நீல உறையில் போட்டு ஒட்டிக் கையில் கொடுத்துவிட்டாய். நானும் அங்கேதான் நின்றிருந்தேன். நீயும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

சாயங்காலம் உன் அக்கா திரும்பவும் அப்பாவைப் பார்க்கப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. டிவி மேல் குதிரை கிடந்தது.

அவள் முகம் போன போக்கை எப்படிச் சொல்வேன்? கத்துவாள் என்று நினைத்தேன். சத்தமே இல்லாமல் உன்னைப் பார்த்து, "அப்பாவையே பார்சல் கட்டி அனுப்பிட்டியேடா" என்றாள்.

வீடியோ எடுத்த ஸ்டுடியோவுக்கு அந்த நிமிஷமே ஓடினோம். பழைய கம்ப்யூட்டரை எப்போதோ கழித்துக்கட்டிவிட்டார்களாம். இன்னொரு டிவிடி உன் பெரியம்மா வீட்டில் கீறல் விழுந்து ஓடாமல் கிடந்தது. கம்பெனிக்குப் போன் போட்டாய். அந்தப் பெண் நீ சொல்வது எதையும் காதில் வாங்காமல், "கேம் வந்து சேர்ந்தது, நன்றி" என்றே இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் நீ, "நோ கேம் மேடம்! இன்சைட் மை ஃபாதர், மேடம்!" என்று கத்தினாய். அவள் லைனைத் துண்டித்துவிட்டாள். வேறு நாளாக இருந்தால் நாம் இருவரும் அதற்கு வாரக்கணக்கில் சிரித்திருப்போம்.

"இனிமே இந்த வீட்டுப் படி ஏறாத" என்றாள் உன் அக்கா. கோபம் தணியும் என்று நானும் நினைத்தேன், நீயும் நினைத்தாய். தணியவில்லை. உங்கள் குடும்பத்துப் பிடிவாதம் எனக்குத் தெரிந்ததுதான், ஆனால் இந்த அளவுக்கு என்று தெரியாது. பெட்டியின்மேல் ஒரு பழைய துண்டைப் போட்டு மூடினாள். உன் போன் வந்தால் எடுக்கமாட்டாள்.

கவர் மட்டும் வந்துகொண்டிருந்தது. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்கு நீ வருவாய், நான் கொண்டுவந்து கொடுப்பேன். முதல் தடவை நீ நின்றபடியே பிரித்தாய். உள்ளே குதிரை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மறுபடியும் அதே குதிரையா? ஊட்டுல லாயம் கட்டப் போறியா?"

நீ சிரிக்கவில்லை. டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உறையில் போட்டு என்னிடமே நீட்டினாய். "திருப்பி அனுப்பிடு மாமா" என்றாய். அப்புறம்தான் சொன்னாய்.

"அங்க மேல இருக்கற ஸ்டிக்கரத்தான் மாமா மிஷின்ல காட்டறாங்க. உள்ள என்னா இருக்குதுன்னு எவனும் தொறந்து பாக்கறது இல்ல. அப்ப அப்பா அந்த உறைக்குள்ளயேதான இருப்பாரு? இந்தக் கேமையே கேட்டுக்கினு இருந்தா என்னைக்காவது அந்த உறை நம்மகிட்ட வரும்."

"இதே கேமுல எத்தனை டிஸ்க் வெச்சிருக்கானோ?" என்றேன்.

"இருக்கட்டும். இத்த யாரு கேக்கப் போறாங்க? ஆனா நடுவுல நான் வேற கேம் கேட்டு, அந்த நேரம் பாத்து அது வேற எவன் கைக்காவது போச்சின்னா? இன்னாடா இதுன்னு அவன் கம்ப்ளெயின்ட் பண்ணுவான். கம்பெனிக்காரங்க நம்ம அப்பாவ குப்பையில போட்டுருவாங்க."

"அக்காகிட்ட சொல்லட்டுமா?"

"வாணாம். சொல்லிட்டு வராம போச்சின்னா இன்னும் பேஜாரு. வந்ததும் நானே எடுத்துக்கினு வர்றேன். அப்ப படி ஏறலாம் இல்ல?"

அதற்கப்புறம் நீ ஒரு கேமும் ஆடவில்லை. ஆசை ஆசையாகப் பணம் கட்டிச் சேர்ந்தவன், குதிரையை வரவழைப்பதும் திருப்பி அனுப்புவதுமாகவே இருந்தாய். டீ ஆறும்வரை கவரைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நிற்பாய். பிரித்ததும் "சரி மாமா, அடுத்த வாட்டி" என்பாய். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டாய்.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் கடையில் இருந்தபோது உன் பக்கத்துப் பூக்கடைக்காரர் போன் செய்தார். நெஞ்சைக் கரிக்கிறது, வாயுத்தொல்லை என்று சோடா வாங்கிக் குடித்தாயாம். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தவன், அப்படியே சாய்ந்துவிட்டாயாம். கையில் இருந்த மருந்து அட்டையை வாடிக்கையாளரிடம் கொடுத்தேனா இல்லையா என்பதுகூட நினைவில்லை. உனக்கு நரைகூட விழவில்லையே மச்சான்!

வீட்டுக்குப் போய் உன் அக்காவிடம் சொன்னேன். "பொய். நான் பேசலன்னு நாடகம் ஆடறான். நீங்களும் சேந்துக்கினு வந்து சொல்றீங்களா?" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். திண்டிவனத்தில் உன்னைக் குழியில் இறக்கும்வரை அவள் அழவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு முறை மட்டும் வாய் திறந்தாள். "அவன் கடைசியா இன்னா பேசுனான்னு ஞாபகமே வர்லீங்க. நான் சொன்னதுதான் ஞாபகம் இருக்குது."

எனக்குத் தொண்டைவரை வந்தது, உன் குதிரைக் கதையைச் சொல்லிவிடலாம் என்று. நீதான் சொல்லாதே என்றாயே. டிவிடியும் வரவில்லை, இனி கேட்க நீயும் இல்லை. சொன்னால் அவள் இன்னும் உடைந்துபோவாள் என்று விழுங்கிக்கொண்டேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு இருவரும் திண்டிவனத்துக்குக் கிளம்பி வாசற்படி இறங்குகிறோம். அதே கூரியர்க்காரர் வண்டியை நிறுத்திவிட்டு, "மச்சான் சாருக்கு வந்திருக்குது" என்று கவரை நீட்டினார். அவருக்கு விஷயம் தெரியாது. நீ கடைசியாகக் கேட்டுவைத்ததைப் பம்பாயில் யாரோ எடுத்து அனுப்பியிருக்கிறார்கள், அவர்களுக்கும் தெரியாது. கவர்மேல் உன் பெயரைப் பார்த்துக்கொண்டே வாங்கினேன். உன் அக்கா என் கையிலிருந்து அதைப் பிடுங்கினாள். வீசி எறியப் போகிறாள் என்று நினைத்தேன். கவரைக் கிழித்து நீல உறையைத் திறந்தாள்.

குதிரை இல்லை. வெள்ளை டிஸ்க். அதன்மேல் பச்சை மார்க்கரில் என் பெயரும் அவள் பெயரும்.

கூரியர்க்காரர் பயந்துபோய், "இன்னாங்க சார், இன்னா ஆச்சு?" என்றார். அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு அந்தப் படியிலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்து, டீக்கடை, ஸ்டிக்கர், "அடுத்த வாட்டி" எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை அவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து உள்ளே போய்ப் பெட்டிமேல் கிடந்த துண்டை இழுத்துப் போட்டாள்.

அந்தக் கம்பெனியைப் பிறகு மூடிவிட்டார்கள். பீரோ மேல் கிடந்த குதிரையை யாரும் திருப்பிக் கேட்கவே இல்லை. டிவிடியை நான் பென்டிரைவிலும் கடைக் கம்ப்யூட்டரிலும் ஏற்றிவைத்திருக்கிறேன். இன்றும் எந்தக் கவரையும் ஒட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை திறந்து உள்ளே பார்த்துக்கொள்கிறேன். முதலாளி கேலி செய்கிறார். செய்யட்டும்.

அன்று பூசைக்குக் கிளம்பும் முன் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தோம். அப்பா வந்தார், சிலுவை வரைந்தார். "நல்லாயிரு தாயி" என்றார். குறுக்கே வடையோடு உன் தலை வந்தது, "போதும்ப்பா, ஜல்தி!" என்று உன் குரல் கேட்டது. பழக்கத்தில் உன் அக்கா வாயைத் திறந்தாள், திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் ரிமோட்டை அமுக்கிப் படத்தை அப்படியே நிறுத்தினாள். அப்பா தெரியவில்லை, டிவி முழுக்க உன் தலைதான். அதையே பார்த்துக்கொண்டிருந்தவள் மெதுவாகச் சொன்னாள்:

"தலைய எடுக்காதடா. கொஞ்ச நேரம் அங்கயே இரு."