பையைச் சோதித்தார்கள், பாகத்தைச் சோதிக்கவில்லை

அனுப்புநர்:
க. மஞ்சுளா,
மேட்டுத் தெரு, சேரப்பணஞ்சேரி,
படப்பை வழி.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
அரசு வானூர்திப் பாக ஆய்வு மையம்,
ஒரகடம்.

பொருள்: எங்கள் பட்டறையின் ட்ரோன் பாகத்துக்கு அதிர்வுச் சோதனை மறுக்கப்படுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நான் கார் கம்பெனியில் ஒப்பந்த ஊழியராக லைனில் நின்றவள். ஒப்பந்தம் முடிந்து எங்களை நிறுத்தியபோது, உடன் வேலை பார்த்த பிரவீனாவும் நானும் இன்னும் சில பெண்களும் சேர்ந்து படப்பையில் ஷெட் எடுத்தோம். ட்ரோன் மோட்டாரைத் தாங்கும் அலுமினியப் பிடிகளைச் செய்கிறோம்.

2. இந்தத் துணிச்சல் தங்கள் மையத்தை நம்பி வந்தது. மையத்துக்காக எங்கள் மேய்ச்சல் நிலத்தைக் கேட்ட கிராமசபைக் கூட்டத்தில், விமானப் பாகங்களை இனி இங்கேயே சோதிக்கலாம், சிறு பட்டறைகள் பெங்களூருக்கு அலைய வேண்டாம், சுற்றுவட்டாரமே பிழைக்கும் என்று தங்கள் அதிகாரிகள் பேசினார்கள். நானும் கைதட்டினேன். மாடு வைத்திருந்தவர்களும் தட்டினார்கள்.

3. எங்கள் பிடியை வாங்க ஒரு கம்பெனி சம்மதித்திருக்கிறது. இந்த மாத இறுதிக்குள் தங்கள் மையத்தின் சோதனைச் சான்று வேண்டும். கிடைக்காவிட்டால் ஆர்டர் வேறிடம் போய்விடும். நாங்கள் ஷெட்டைப் பூட்ட வேண்டியதுதான்.

4. சென்ற வாரம் மையத்துக்கு வந்தேன். வாசலில், வந்த காரணம் கேட்ட இடத்தில் ‘சோதனை’ என்று எழுதினேன். காவலர் நடேசன் என் பையைப் பிரித்து, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, பிடியையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சோதன முடிஞ்சிச்சிம்மா, கெளம்பு” என்றார். அவர் எங்கள் ஊர்க்காரர், கேலி செய்யவில்லை. அவர் வேலையில் அந்தச் சொல்லுக்கு அதுதான் அர்த்தம். விளக்கிச் சொன்னதும் அவரே உள்ளே போன் போட்டுக் கேட்டார். மையத்தில் பதிவு எண் வாங்காத பட்டறைக்காரர்களை உள்ளே விட முடியாது என்று பதில் வந்தது. பதிவு எண்ணுக்கு விண்ணப்பித்தால், முதலில் சோதனைச் சான்று வேண்டுமாம். இந்த விதியை எழுதியவர் ஒருநாளாவது அந்த வாசலில் வெயிலில் நின்று பார்த்திருக்க வேண்டும். எனக்குக் கோபம் வந்தது. அதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

5. பெரிய கம்பெனிகளின் வண்டிகள் தடையின்றி உள்ளே போகின்றன. போகட்டும். எங்களுக்குச் சலுகை எதுவும் வேண்டாம், அன்று கிராமசபை மேடையில் சொன்னதைச் செய்தால் போதும்.

ஆகவே, புதிய பட்டறைகளுக்கு முதல் சோதனையைப் பதிவு எண் இல்லாமலே செய்து தர உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வரும் திங்கட்கிழமை காலை அதே பையோடு வாசலுக்கு வருவேன். பிடி அதிர்வில் உடைந்தால், உடைந்தது என்று எழுதிக் கொடுங்கள். வாங்கிப்போய் வேறு செய்கிறோம். பையை மட்டும் சோதித்து அனுப்பிவிடாதீர்கள்.

இடம்: சேரப்பணஞ்சேரி
நாள்: 10.07.2025

திங்களன்று நேரில் வரவிருக்கும்,
க. மஞ்சுளா