பின்சக்கரத்துக்குப் போதுமான முறுக்கு

வாசலெல்லாம் செயின் ஆயில் வாடை. உங்கள் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தைக் கழற்றி, கடையில் புது டயர் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் மகள். இனி சக்கரத்தைப் பூட்ட வேண்டும். நாளைக் காலை இதே வண்டியில்தான் ஏற்காடு மலையேறி வேலைக்குச் சேரப் போகிறாளாம். பஸ்ஸில் போ என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கிறவளா? உங்கள் மகள்தானே.

அந்த வாடை மூக்கில் ஏறியதிலிருந்து எனக்கு மல்லசமுத்திரத்திலிருந்து சேலம் போன அந்த மத்தியானம்தான் கண்ணுக்குள் நிற்கிறது. அப்போது இவள் கைக்குழந்தை.

அதற்கு முந்தின நாள் நீங்களே பின்சக்கரத்தைக் கழற்றி, பஞ்சர் ஒட்டி வந்து மாட்டினீர்கள். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்காரர் நீங்கள். இரும்புக் குழாயைக் கோத்துக் கோத்துப் பூமிக்குள் இறக்கிய கைக்கு எதையும் அளவாக முறுக்கத் தெரியாது. ஸ்பேனர் பிடியில் நீளக் குழாயைச் சொருகி, அதன்மேல் ஏறி நின்று இறுக்குவது உங்கள் ரிக் ஆட்கள் எல்லாருக்குமே பழக்கம். பைக் நட்டுக்கும் அதே வைத்தியம்தான். வாயை அகட்டிச் சுருக்கும் ஸ்க்ரூ ஸ்பேனர் வேறு. அது நழுவி நழுவி நட்டின் மூலைகளை மழுக்கிவிட்டது.

“ஏனுங்க, பைக்கைப் பூட்டறீங்களா, போர் போடறீங்களா?” என்றேன்.

“இன்னொரு தம் புடிச்சுட்டா ஆயுசுக்கும் கழலாது புள்ள” என்றீர்கள்.

அந்த இன்னொரு தம்மில் நட்டின் மரை அறுந்துபோனது நம் இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

மறுநாள் குழந்தைக்கு அனலாய்க் காய்ச்சல். அஸ்தம்பட்டியில் இருக்கும் டாக்டரிடம் கிளம்பினோம். பாதி வழியில் வண்டியின் பின்பக்கம் ஆடியது, செயின் கழன்றது. ஓரம்கட்டி இறங்கிப் பார்த்தால், நட்டு விரலால் சுற்றினாலும் பிடிமானமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. என் தோளில் கிடந்த குழந்தைக்குக் கண் மேலே செருகி, கைகால் வெட்டி இழுத்தது. நீங்கள் அப்போதும் ஸ்பேனரை எடுத்து அந்த நட்டோடு மல்லுக்கட்டினீர்கள். நான் நடுரோட்டில் போய் நின்றுகொண்டேன். முட்டை ஏற்றி வந்த வேன்காரர் குழந்தையைப் பார்த்ததும், “ஏறுங்க சாமி, பேசாம ஏறுங்க” என்று கதவைத் திறந்துவிட்டார். நீங்கள் ஸ்பேனரும் கையுமாக வண்டியோடு நின்றுவிட்டீர்கள். பிள்ளை பிழைத்துக்கொண்டது நம் நல்ல காலம்.

அதற்குப் பிறகு பைக்குக்கு நீங்கள் குழாய் சொருகவே இல்லை. நட்டைச் சுற்றிலும் கவ்வும் ரிங் ஸ்பேனர் இரண்டு வாங்கி வந்தீர்கள். “அச்சு மறுபக்கம் சுத்தாம புடிச்சுக்க ஒண்ணு, இந்தப் பக்கம் முறுக்க ஒண்ணு. நட்டு இறுகிக் கை நின்னா நிறுத்திரோணும்” என்று எனக்கே பாடம் எடுத்தீர்கள்.

பைக்கில் கற்ற புத்தியை உங்கள் உடம்பில் காட்டவில்லையே நீங்கள். வடக்கே வேலைக்குப் போன இடத்திலிருந்து போன் செய்து, நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கிறது என்றீர்கள். “போதுமுங்க, வந்துருங்க” என்றேன். “இந்த ஒரு போர் மட்டும் முடிச்சுட்டு வாரேன்” என்றீர்கள். உங்களைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். ஊரே அழுதது. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது, இன்றைக்கும் தீரவில்லை.

மகள் பக்கத்து வீட்டில் ஸ்க்ரூ ஸ்பேனர் இரவல் வாங்கி வைத்திருந்தாள். கையோடு திருப்பி அனுப்பிவிட்டு ரிங் ஸ்பேனர்களை எடுத்துக் கொடுத்தேன். அச்சுக் கம்பியைக் கோத்தாள். செயின் தளர்வைச் சரிபார்த்து, சக்கரம் கோணாமல் இரண்டு பக்கத்து அளவுக் கோடுகளையும் ஒரே அளவில் வைத்தாள். மறுபக்கத்தை நான் பிடித்துக்கொள்ள, முறுக்கினாள். நட்டு உட்கார்ந்து, அவள் கை நின்றது.

அவள் எழுந்து, செருப்புக் காலை ஸ்பேனர் பிடியில் வைத்தாள்.

“இரும்மா, ஏறி ஒரு மிதி மிதிச்சுர்றேன்.”

“போதும் சாமி, காலை எடு.”

நான் கத்திய கத்தலில் தெருவே திரும்பிப் பார்த்திருக்கும். அவள் காலை எடுத்துவிட்டாள். சக்கரத்தைச் சுற்றிவிட்டாள், ஆட்டமில்லாமல் ஓடியது. பிரேக் கம்பியையும் மாட்டி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

“ஏம்மா, ஒரு நட்டுக்குப் போயி அழுவறே?”

நட்டுக்கு யார் அழுதார்கள்? போதும் என்றதும் அவள் நிறுத்திவிட்டாள். உங்களிடம் செல்லாத என் சொல் அவளிடம் செல்லுகிறது. அதை வைத்துக்கொண்டுதான் நாளைக்கு அவளை மலைக்கு அனுப்புகிறேன்.